தானாகச் சாகாத பூஞ்சை

ஹோபார்ட் நகரத்துப் பூஞ்சைக் காப்பகத்தில் லோர்னா பைபஸ் முப்பத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறாள். ஆராய்ச்சி செய்கிறவள் அல்ல. நாலாயிரத்துச் சொச்சம் கண்ணாடிக் குழாய்களில் வளரும் பூஞ்சைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுத் தீனிக்கு மாற்றி உயிரோடு வைத்திருப்பதுதான் அவள் வேலை. மாற்றாவிட்டால் காய்ந்து செத்துவிடும்.

அதில் ஒன்றை அவள் வேண்டுமென்றே சாகவிட்டிருந்தாள்.

அப்போது அங்கே ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ராய்ஸ் ஹக்ஸ்டபிள் வடமேற்கு மழைக்காட்டில் விழுந்து கிடந்த மரத்திலிருந்து சுரண்டிக்கொண்டு வந்தது அது. சோம்பு வாசனை அடிக்கும். மருந்துக்கு ஆகுமா என்று எந்தக் கிருமியோடு வைத்துப் பார்த்தாலும் ஒன்றும் செய்யாது. "நடிக்குது லோர்னா, உள்ள என்னமோ ஒளிச்சு வச்சிருக்கு" என்பார் ராய்ஸ். ஒருநாள் குழாய்களில் பெயரை மாற்றி ஒட்டிவிட்டதாக எல்லார் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்தினார். தப்பு அவளுடையதல்ல. அந்த மாதமே அவர் வேலையை விட்டு வடக்கே போய்விட்டார். அடுத்த முறை தீனி மாற்றும்போது லோர்னாவின் கை அந்தக் குழாயை மட்டும் தாண்டிப் போனது. அதற்கடுத்த முறையும். பதிவேட்டில் 'தானாகச் செத்தது' என்று எழுதினாள்.

இருபத்தாறு வருடம் கழித்து சீனா டவுஃபா என்ற டோங்கா தீவுக்காரப் பெண் ஆராய்ச்சிக்கு வந்து, செத்த குழாய்கள் கிடந்த பெட்டியிலிருந்து அதையே எடுத்தாள்.

"செத்துப்போனத வச்சு என்னம்மா பண்ணப் போற?"

"உயிர் எதுக்கு லோர்னா? மரபணு மிச்சம் இருந்தா போதும். அத எடுத்து இன்னொரு பூஞ்சைக்குள்ள வச்சிடுவேன்."

காய்ந்த தூளில் மரபணு மிச்சம் இருந்தது. ஏதோ ஒரு பொருளைத் தயாரிக்கும் மரபணுக்கள் வரிசையாக, ஆனால் அணைந்த விளக்கு மாதிரிக் கிடந்தன. சீனா அவற்றை ஆய்வகத்து வெள்ளைப் பூஞ்சை ஒன்றில் சேர்த்து, அவற்றை எப்போதும் எரியவைக்கும் ஒரு விசையையும் பொருத்தினாள். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. லோர்னாவுக்கு உள்ளுக்குள் நிம்மதி. மூன்றாம் வாரம் ஒரு காலையில் வளர்ப்புப் பெட்டியைத் திறந்தாள். வெள்ளைப் பூஞ்சையின் அடியில் துருச்சிவப்பாகக் கறை. குப்பென்று சோம்பு வாசனை. பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

"சீனா, சோம்பு மாதிரி அடிக்குதில்ல?"

"இல்லையே, வெறும் பூஞ்சை நாத்தம்தான். ஏன், மூக்கு அடைச்சிருக்கா?"

அன்றிலிருந்து அந்த வாசனை அவளை விடவில்லை. காரில், தேநீரில், துவைத்த தலையணை உறையில். குளிர் அறைக்குள் நுழைந்தால் அலமாரிக்குப் பின்னால் யாரோ ராய்ஸ் மாதிரியே தொண்டையைச் செருமுவார்கள்.

ஒரு மதியம் சீனா குதித்துக்கொண்டு வந்தாள். "அந்தச் செவப்புப் பொருள் எந்தப் பட்டியல்லயும் இல்ல! உலகத்துக்கே புதுசு! கிருமி எதையும் பெரிசா கொல்லல, பரவால்ல. புதுசு!"

"அந்தப் பூஞ்சை தானா சாகல சீனா," என்றாள் லோர்னா. "நான்தான் சாகடிச்சேன்."

முழுவதையும் கேட்டுவிட்டு சீனா பதிவேட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். பிறகு, "பதிவேட்ட திருத்திடுங்க. அவர்கிட்டயும் சொல்லிடுங்க" என்றாள்.

விசாரித்ததில், ராய்ஸ் போன வருடமே இறந்திருந்தார். சனிக்கிழமை லோர்னா இரண்டரை மணி நேரம் காரோட்டி, லான்செஸ்டனில் இருந்த அவர் தங்கை பெரிலிடம் போய்ச் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

"பூஞ்சையா?" என்றாள் பெரில். "அவன் படகு வச்சு மீன் பிடிச்சிட்டுல்ல இருந்தான். அங்க வேல பாத்தத பத்தி வாயே திறந்ததில்ல. உங்க பேரக்கூட நான் கேட்டதில்லையே, தப்பா எடுத்துக்காதீங்க. ரொட்டி இன்னொண்ணு வைக்கட்டுமா?"

லோர்னா காருக்குள் வந்து உட்கார்ந்தாள். அவர் அந்தக் காட்டையும் அவளையும் எப்போதோ உதறிவிட்டுப் போயிருந்தார். அப்படியென்றால் இத்தனை நாள் குளிர் அறையில் செருமியது யார்?

பெரில் வெளியே வந்து கண்ணாடியைத் தட்டினாள். "ரோட்டுல பனி உறையறதுக்குள்ள கிளம்புங்க."

லோர்னா தலையாட்டினாள். சாவியைத் திருக மட்டும் கை எழவில்லை.