அண்ணியின் தெலுங்கு

பால் கறக்கும்போது அண்ணி மாட்டிடம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். எங்கள் வீடு ஆந்திராவில் குடுபல்லி பக்கம். வீட்டில் தமிழ்தான், தெலுங்கு சந்தைக்கும் ஆபீசுக்கும் மட்டும். அண்ணன் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அண்ணிக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்து, மாட்டிடம் எதற்குத் தெலுங்கு என்று கேட்டேன்.

"அது குறுக்கப் பேசாது தம்பி. நீ பேசுவ," என்றார்.

அண்ணன் உயிரை எடுத்தது எங்கள் நிலத்தின் மேல் தாழத் தொங்கிய கரண்டுக் கம்பி. தண்ணீர் பாய்ச்சுகிற அலுமினியக் குழாயைத் தூக்கி நிமிர்த்தினார், அவ்வளவுதான். அதன்பிறகு அதே நிலத்தில் அண்ணன் மகன் இறங்கினான். கம்பி அப்படியேதான் தொங்கியது. சித்தூரில் குறை கேட்கும் நாளில் பெரிய அதிகாரியிடம் தானே பேசுவது என்று அண்ணி முடிவு செய்தார். கம்பியை ஏற்ற வேண்டும். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

முந்தின வாரமே தனியாக பஸ் ஏறிப் போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு வந்தார். ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு குனிகிறார்கள், விஷயத்துக்கு வருவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுகிறார்கள் என்றார். மாட்டிடம் சொல்லிப் பழகிய தன் பேச்சைச் சுருக்கினார். பால் ஊற்றும் இடத்தில் ஒரு தெலுங்குக்காரப் பெண்ணிடம் கேட்டு வார்த்தைகளைத் திருத்திக்கொண்டார். எங்கே மூச்சு விடுவது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. கடைசியில், "மா ஆயன போயினாரு. மா பில்லோடு போகூடது" என்று முடிப்பார். என் வீட்டுக்காரர் போய்விட்டார், என் பையன் போகக்கூடாது என்று அர்த்தம். அதைச் சொல்லும்போது குரல் நடுங்காது. தெலுங்கு நன்றாக வந்துவிட்டது என்று மட்டும் நான் நினைத்தேன். நான் பலமனேர் சந்தைக்குக் காய்கறி வண்டி ஓட்டுகிறவன். யோசித்துப் பேசிப் பழக்கமில்லை.

குறை கேட்கும் நாளன்று நானும் கூடப் போனேன். அண்ணி நிமிர்ந்து நின்றார். ஊர், நிலம், கம்பி என்று வரிசையாக, நிதானமாகத் தெலுங்கில் சொன்னார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவர் சற்று முன் யாரிடமோ தமிழில் பேசியது என் காதில் விழுந்திருந்தது. உதவி செய்வதாக நினைத்துப் பின்னாலிருந்து, "அவங்களுக்குத் தமிழ்தான் சார்" என்றேன். அவர் சிரித்தார். நல்ல மனிதர்.

"அப்ப தமிழ்லயே சொல்லுங்கம்மா."

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு, "எங்க ஊட்டுக்காரரு" என்றார். அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும், "எங்க ஊட்டுக்காரரு" என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணனைத் தூக்கிய அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். மீதியை நான் முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் பலமனேர் தாண்டியதும் அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னார்.

"தெலுங்குல சொன்னா யாருக்கோ நடந்த மாரி இருக்குது தம்பி. அதுக்குத்தான் அத்தினி நாளு படிச்சேன். கேட்டுக்கினு வரணும்னு போனேன். அழுதுக்கினு வரேன்."

மழைக்கு முன்னால் புதுக் கம்பம் நட்டுக் கம்பியை உயர்த்திவிட்டார்கள். அண்ணன் மகன் பயமில்லாமல் குழாய் தூக்குகிறான். கொழுந்தன் போய்ப் பேசி ஏற்றிவிட்டான் என்று ஊரில் சொல்கிறார்கள். டீக்கடையில் எனக்கு இடம் விடுகிறார்கள். நானும் உட்காருகிறேன். அண்ணி காதிலும் அது விழுந்திருக்கும். வழக்கம்போல எனக்குச் சோறு போடுகிறார்.

நான் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வண்டியில் தனியாகப் போகும்போது சொல்லிப் பார்க்கிறேன். தமிழில் ஆரம்பித்தால் 'அண்ணி' என்பதோடு நின்றுவிடுகிறது. 'வதினா' என்று தெலுங்கில் ஆரம்பித்தால் கடைசிவரை வருகிறது.