சேற்றுக்குள் ஓடும் கரண்ட்

இறால் குட்டைகளில் வேலை பார்ப்பவர்கள் அவரை வீரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, கேலிக்கு வைத்தது. இடி இடித்தால் கொட்டகைக்குள் முதலில் ஓடுவது அவர். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நம்ம வீரனுக்கு இருட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை, பட்டப்பகலிலேயே பேய் தெரியும்.

ஆனால் ஒரு பயத்தை மட்டும் யாரும் கேலி செய்ததில்லை. அவருடைய தம்பியும் அதே குட்டைகளில் வேலை பார்த்தவன். தண்ணீரில் காற்றைக் கலக்கும் சக்கரத்தில் பாசி சிக்கிவிட்டதென்று, சுவிட்சை அணைக்காமல் இறங்கினான். கரண்ட் பிடித்துக்கொண்டது. கரையில் ஒரு ஈ காக்கா இல்லை. அதன் பிறகு வீரன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். யார் குட்டையில் இறங்கினாலும் சக்கரம் நிற்க வேண்டும். இன்னொருவர் கரையில் மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். இறங்குவது அவர், நிற்பது அவர் மனைவி. நிற்பதென்றால் சும்மா நிற்பதில்லை, பக்கத்துக் குட்டைக்காரியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் மனைவியின் அண்ணன் மகள் வந்து சேர்ந்தாள். சேற்றை ஆராய்ச்சி செய்து படிக்கிறவள். ஒரு கண்ணாடிக் குழாயில் குட்டையின் அடிச்சேற்றை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். அடியில் கரிய சேறு, மேலே துரு நிறத்தில் மெல்லிய ஏடு.

"மாமா, அழுகின முட்டை மாதிரி நாறுமே ஒரு விஷம், இறாலையெல்லாம் கொல்லும்ல. அது ஏன் இந்தக் குட்டையில மேல வரலைன்னு தெரியுமா? சேத்துக்குள்ள நூல் மாதிரி ஒரு பாக்டீரியா இருக்கு. முடியைவிட மெல்லிசு. ஆயிரக்கணக்கான உயிர் வரிசையா ஒட்டிக்கிட்டு ஒரே நூலா நிக்குது. அடியில இருக்கிறதுக்குச் சாப்பாடு இருக்கு, காத்து இல்ல. மேல இருக்கிறதுக்குக் காத்து இருக்கு, சாப்பாடு இல்ல."

"அப்புறம் எப்படிப் பொழைக்குது?"

"அடியில இருக்கிறது அந்த விஷத்தையே தின்னுது. அதுல கிடைக்கிற கரண்டை நூல் வழியா மேல அனுப்பிடுது. நுனியில இருக்கிற கொஞ்சம் பேர் எல்லாருக்கும் சேர்த்து மூச்சு விடுறாங்க. அவங்க வளர்றதுகூட இல்ல. அது ஒண்ணுதான் அவங்க வேலை."

வீரனின் முகம் வெளுத்துவிட்டது. "சேத்துல கரண்ட் ஓடுதா?"

"ஓடுது. ஆனா ரொம்ப ரொம்பக் கம்மி மாமா."

பின்பாதியை அவர் மனம் வாங்கிக்கொள்ளவே இல்லை. இத்தனை வருஷம் வெறுங்காலோடு மிதித்த சேறு. தம்பியைக் கொண்டுபோனது சக்கரம்தானா, சேறா என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். தினமும் காலையில் குட்டையின் நடுவிலிருந்து ஒரு குழாய்ச் சேறு வேண்டுமென்று அவள் கேட்டுவிட்டுப் போனாள். மறுநாள் கரையில் ஒரு காலைத் தூக்கியவர் தூக்கியபடியே நின்றார்.

"இங்க குடுங்க, நான் போறேன். நீங்க சுவிட்ச்கிட்ட நில்லுங்க" என்று குழாயைப் பிடுங்கிக்கொண்டாள் மனைவி.

தான் இறங்கினால் ஒரு பயம்தான். அவள் இறங்கியபோது பயம் பத்து மடங்கானது. ஒரு கையை சுவிட்சின் பிடியில் வைத்துக்கொண்டு அவள் முதுகையே பார்த்தார். சக்கரம் நிற்கிறது என்று தெரிந்தும் கையை எடுக்கவில்லை. "கண்ணை இமைச்சுக்கோங்க, காசா பணமா" என்று அவள் தண்ணீரிலிருந்தே சிரித்தாள். தினமும் இதே கூத்து.

வானம் மூடிக்கிடந்த ஒரு காலையில் தண்ணீரில் காற்றுக் குறைந்து, இறால்களெல்லாம் மூச்சு முட்டிக் கரையோரம் வந்து மொய்த்தன. சக்கரம் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வீரன் அதை அணைக்கப் போனபோது, குழாயோடு வந்த மனைவி தடுத்தாள்.

"நிறுத்திடாதீங்க, மொத்தமும் செத்துப்போயிடும். ஓடட்டும். நான் போயிட்டு உடனே வந்துடறேன்."

"இன்னைக்கு வேணாம். சேறு எங்கயும் ஓடிப்போகாது."

"ஒரு நாள் விட்டாலும் அவ ஆராய்ச்சிக் கணக்கு கெட்டுடும். உங்க பயத்தைக் கட்டிக்கிட்டு நான் எத்தனை நாள் மாரடிக்கிறது?"

அவர் பதில் சொல்வதற்குள் அவள் இறங்கிவிட்டாள். சுவிட்சின் பிடியை இறுக்கிக்கொண்டு நின்றார். அவள் நடுக்குட்டையில் சக்கரத்தைத் தாண்டினாள். குழாயைத் தூக்கினாள். தூக்கிய கை இறங்கவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

தைரியசாலியாக இருந்திருந்தால் அப்படியே குதித்திருப்பார், அவளோடு சேர்ந்து போயிருப்பார். வீரனின் கை பிடியைக் கீழே இழுத்துவிட்டது. சக்கரம் நின்றது. அவள் சரிந்தாள். அதன் பிறகுதான் அவர் குதித்தார். அத்தனை நாள் பயந்த சேற்றை முழங்கால் வரை மிதித்துக்கொண்டு போய், அவளை இழுத்துக் கரையில் போட்டார். கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு இருமினாள், மூச்சு வந்தது. அவர் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல அழுதார்.

சக்கரத்துக்குப் போகும் ஒயரின் ரப்பர் உறை தண்ணீருக்குள் கிழிந்து கிடந்தது. புது ஒயர் போடுவதற்குள் இறாலில் பாதி செத்துவிட்டது. மருத்துவமனைக்கு ஓடிவந்த அண்ணன் மகள், அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு குற்றவாளிபோல நின்றாள்.

"சேத்துல ஓடுறது ஒரு எறும்பைக்கூட ஒண்ணும் பண்ணாது மாமா. நீங்க பயப்பட வேண்டியது ஒயர் கரண்டுக்குத்தான்."

"ம்" என்றார் வீரன். அவர் கை இன்னும் சுவிட்சின் பிடியைப் பற்றியிருப்பதுபோலவே மூடிக்கிடந்தது.

மனைவி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"இனிமே சக்கரத்தை நிறுத்தாம யாரும் இறங்க வேணாம். இறங்குறது நான். கரையில நிக்கிறது நீங்க" என்றாள்.

"நானா? தினம் தினம் அங்க நின்னா எனக்கு உசுரே போயிடும். பயமா இருக்கும்."

"அதனாலதான் சொல்றேன். நான் நின்னா கதை பேசிக்கிட்டு நிப்பேன்."