ஆள் சேராத ஆட்டம்

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர் வேலையில் கால் தவறி லிஃப்ட் குழிக்குள் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் படுத்து மூன்று வருடமாகிவிட்டது. பொழுதாவது போகட்டும் என்று அவருடைய அக்கா யாரோ விற்ற பழைய கேம் பெட்டியை வாங்கிவந்து டிவியில் மாட்டிக் கொடுத்தாள்.

அதில் இணையம் வழியாகப் பலர் சேர்ந்து ஆடும் ஒரு போர் விளையாட்டு. அணிக்கு நான்கு பேர். அவர் எப்போதும் மருத்துவச் சிப்பாயாகத்தான் இறங்குவார். குண்டு மழைக்குள் ஓடிப்போய், விழுந்து கிடப்பவனுக்கு ஊசி போட்டு எழுப்பிவிடுவார். முகம் பார்த்திராத கூட்டாளிகள் மூவரும் ஹெட்போனில் அவரை 'டாக்டர்' என்றே கூப்பிட்டார்கள். "நிம்மதியா சாகக்கூட விடமாட்டேங்கிறாரே மனுஷன்" என்று கேலி செய்வார்கள். தன் கால்களைப் பற்றி அவர் அவர்களிடம் பேச்சே எடுத்ததில்லை.

போன மாதம் அந்த விளையாட்டின் புதிய பாகம் வந்தது. "நாங்க எல்லாரும் அதுக்கு மாறிட்டோம் டாக்டர், நீங்களும் வந்துடுங்க" என்றான் ஒருவன்.

"வரேன்ப்பா" என்றார். அது இந்தப் பழைய பெட்டியில் ஓடாது என்று சொல்லவில்லை.

அன்றிலிருந்து தினமும் மதியம் பழைய ஆட்டத்தைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறார். தொடங்க இரண்டு அணிக்கும் சேர்த்து எட்டுப் பேர் வேண்டும். திரையில் ஒன்று என்றே நிற்கிறது.

"இன்னுமா ஆரம்பிக்கல?" என்று கேட்டாள் அக்கா.

"ஆள் சேரலக்கா."

படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அக்கா அவரைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பினாள். திரை முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

"டிவியை அணைச்சிடட்டா?"

"வேணாம். யாராவது வந்தா சத்தம் கேக்கும்."

அக்கா ரிமோட்டைக் கீழே வைத்தாள். மாலைவரை ஒரு சத்தமும் கேட்கவில்லை.