சுகம் என்று சொல்லச் சொன்னேன்

போன இரண்டு கிழமையும் பத்திரிகையில் இந்த இடத்தில் என் பத்தி வரவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று ஆசிரியர் அச்சிட்டிருந்தார். அப்படிப் போடச் சொன்னது நான்தான். பொய்!

நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன் — என் தங்கை புவனத்துக்குத் துணையாக.

புவனம் கட்டைபறிச்சானில் வாழ்க்கைப்பட்டவள். எட்டாம் மாதத்திலேயே வலி கண்டுவிட்டது. மூதூரில் லோஞ்ச் படகில் ஏற்றி, திருகோணமலைக்குக் கொண்டுவந்தோம். ஆண் பிள்ளை. குறைமாதம் என்பதால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். மச்சானுக்கு வயலில் நெல் வெட்டு நேரம். அவர் ஊருக்குத் திரும்ப, நான் நின்றேன்.

மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை புவனத்தை உள்ளே விடுவார்கள். பாலைப் பிழிந்து கரண்டியால் பருக்குவாள். ஐந்து நாள் ஒரு குறையும் இல்லை. ஆறாம் நாள் காலை வெளியே வந்தவளின் முகம் சரியில்லை.

"அண்ணா, பிள்ளை நேற்றைப்போல இல்லை. பால் கடைவாயால வழியுது. கால் சில்லெண்டு கிடக்கு."

"காய்ச்சல் பாத்தவையோ?"

"ஓம். காய்ச்சல் இல்லையாம். ஆனா... என்ர விரலை இறுக்கிப் பிடிக்கிறவன், இண்டைக்குப் பிடிக்கேல்லை அண்ணா."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அந்த நிமிடமே நேர்ஸைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் தங்கையை அதட்டினேன்.

"பச்சைப் பிள்ளையைப் பற்றி அப்படிக் கதைக்கக் கூடாது. ஆர் கேட்டாலும் சுகம் எண்டு சொல்லு!"

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிறந்த பிள்ளையைக் குறை சொன்னால் அது பலித்துவிடுமாம். மெலிந்ததை மெலிந்தது என்று சொல்ல மாட்டோம். எத்தனை மூடநம்பிக்கைகளை இந்தப் பத்தியில் கிண்டலடித்திருக்கிறேன்... நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். நம் வீட்டுப் பிள்ளை என்றதும் அத்தனை கிண்டலும் எங்கே போனதோ!

பத்து மணிக்கு டொக்டர் வந்தார். நல்ல மனிதர். பெட்டியைப் பார்த்தார், காய்ச்சல் குறித்த அட்டையைப் பார்த்தார், பிறகு கதவடியில் நின்ற தாயிடமும் கேட்டார்.

"பிள்ளை எப்படி அம்மா? பால் குடிக்கிறாரோ?"

புவனம் என்னைப் பார்த்தாள். நான் கண்ணைக் காட்டினேன்.

"சுகம், டொக்டர்."

அவர் அடுத்த பெட்டிக்குப் போனார்.

பின்னேரம் இரண்டு மணிக்கு நேர்ஸ் ஓடினாள். பிள்ளை சாம்பல் நிறமாகி, மூச்சு விட்டு விட்டு வந்தது. ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்தது.

டொக்டர் எங்களைக் கதிரையில் இருத்தி விளக்கினார்.

"ரத்தத்தில கிருமி ஏறியிருக்கு. இந்தமாதிரிப் பிள்ளையளுக்குக் காய்ச்சல் வராமலும் இருக்கும். உடம்பு குளிரும், பால் குடியாது, சோர்ந்து கிடக்கும். அவ்வளவுதான் தெரியும். ரத்த ரிசல்ட் வர மூண்டு நாள் செல்லும். அதுவரைக்கும் பாத்துக்கொண்டிருக்க ஏலாது. அதுக்கு முதல் எங்களுக்குக் கிடைக்கிறது தாய் சொல்லுற கதைதான்." புவனத்தின் பக்கம் திரும்பினார். "நேற்றுக் காலமை உங்களுக்கு ஒண்டும் வித்தியாசமாத் தெரியேல்லையோ அம்மா?"

இவள் இப்போது என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று பயந்தேன். வெட்கக்கேடு... அந்த நேரத்திலும் என் மானத்தைப் பற்றித்தான் நினைத்தேன்.

புவனம் நிலத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"இல்லை, டொக்டர். எனக்குத் தெரியேல்லை."

அவர் தலையை ஆட்டினார். நான் வாய் திறக்கவில்லை.

காலையில் ஊசி போட்டிருந்தால் பிள்ளை தப்பியிருக்குமா? எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. பிள்ளை சரியில்லை என்று தாய் சொன்னால், தயவுசெய்து யாரும் அவள் வாயைப் பொத்தாதீர்கள்.

டொக்டர், இந்தப் பத்தியை வாராவாரம் வாசிப்பதாக அன்று ஆஸ்பத்திரி வாசலில் சொன்னீர்கள். அப்படியானால் இதையும் வாசியுங்கள் — அவளுக்குத் தெரிந்திருந்தது.