மாதிரிப் படத்தில் இருந்த முகம்

அந்தச் செய்தி வந்த நேரம் நான் யானையைப் போல அழுது பழகிக்கொண்டிருந்தேன். நேசனோடு வேலை செய்தவர்களுக்கு இதில் புதினம் ஒன்றும் இருக்காது. முதல்நாள் பின்னேரம்தான் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். "ஸ்டெல்லா அக்கா, நாளைக்குப் பத்து மணிக்கு வீட்டை வாங்கோ. சின்னப் பிள்ளையளுக்கு ஒரு கார்ட்டூன். அதில யானை ஒண்டு அழவேணும், குரல் நீங்கள்தான்." யானை எப்படி அழும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தது? அதையே கேட்டேன். "சத்தத்தில அழாதேங்கோ, மூச்சில அழுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். அதனால் மறுநாள் காலை, கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக் குசினியில், தேத்தண்ணீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நின்றேன். அப்போதுதான் போன் அதிர்ந்தது.

நேசனுடைய இலக்கத்திலிருந்து எங்கள் குழுவுக்கு ஒரு படம் வந்திருந்தது. குழு என்றால், அவரோடு வேலை செய்கிற நாங்களும் அவருடைய பழைய வாடிக்கையாளர்களும். கறுப்புக் கரை, மூலையில் குத்துவிளக்கு, சுற்றிவர ஊதாப் பூ, மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் நேசனின் சிரித்த முகம். முகத்தைப் பார்த்தேன், கீழே இருந்த பெயரை வாசிக்கவில்லை. எனக்கு முன்னரே ஒருவர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார். இன்னொருவர் 'இந்த முறை இளமையா இருக்கிறீங்கள்' என்று எழுதியிருந்தார். நானும் எழுதினேன்: 'ஊதாப் பூ வேண்டாம். மற்றும்படி ஓகே. யானை பத்து மணிக்கு வரும்.' அனுப்பிவிட்டு அடுப்பை அணைத்தேன்.

அவரை அறியாத யாராவது இதை வாசித்தால் எங்களைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைப்பார்கள். ஆகவே கொஞ்சம் விளக்கவேண்டும். குகநேசன் என்கிற நேசனின் தொழில் என்ன என்று ஒரு சொல்லில் யாராலும் சொல்ல முடிந்ததில்லை. கலியாண வீடியோ, புத்தக அட்டை, வானொலி நாடகத்துக்கு ஒலி, விளம்பரப் பாட்டு, கார்ட்டூன், மேடைக்குப் பின்திரை, கடைப் பலகை எல்லாம் செய்வார். வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி வீட்டின் முன்னறைதான் அவருடைய கந்தோர். மரண அறிவித்தல் செய்வதும் அங்கே நடக்கிற வேலைகளில் ஒன்று. துக்க வீட்டார் தெரிவு செய்ய நாலைந்து மாதிரி காட்டவேண்டும். மாதிரிக்கு ஒரு முகம் வேண்டும். உயிரோடு இருக்கிற எவர் அதற்குத் தன் படத்தைக் கொடுப்பார்? முதலில் எங்கிருந்தோ எடுத்த ஒரு பெரியவரின் படத்தைப் போட்டார். அந்தப் பெரியவர் தெகிவளையில் திடகாத்திரமாக இருக்கிறார் என்பது பிறகு தெரியவந்தது. அவருடைய மகன்மார் இரண்டு பேர் படியேறி வந்து கத்திவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து நேசன் தன் படத்தையே போட்டார்.

"என்ர முகம் எண்டா என்ர வீட்டில மட்டும்தான் கேள்வி வரும்" என்று சிரித்தார். கேள்வி வரத்தான் செய்தது. அவருடைய மனைவி வதனி பம்பலப்பிட்டியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறவர், இலகுவில் எதற்கும் பயப்படாதவர். ஆனால் அந்தப் படத்தைக் கண்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எடுங்கோ அதை, எடுங்கோ" என்று என் முன்னாலேயே எத்தனை தரம் சொல்லியிருப்பார். நேசன் கேட்டதேயில்லை. வருடத்துக்கு ஒரு தரம் புதுப் படம் வேறு எடுத்து மாற்றுவார். மாற்றும் ஒவ்வொரு தரமும் எங்கள் குழுவுக்கு அனுப்பி, எப்படியிருக்கிறது என்று கேட்பார். பூவையும் எழுத்தையும் பற்றி நாங்கள் நையாண்டியாகப் பதில் போடுவோம். வழக்கமாக நடக்கிற விசயம் இது.

தேத்தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தபோது வதனி கூப்பிட்டார். "ஸ்டெல்லா அக்கா" என்றார். பிறகு, "அது உண்மை அக்கா" என்றார்.

முதல்நாள் பின்னேரம் என்னோடு கதைத்துவிட்டு, ரயில் பாதையோரம் நடக்கப் போனாராம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் இருந்துவிட்டாராம். ஆஸ்பத்திரியில் விடியுமுன்னே முடிந்துவிட்டது. வதனியின் தம்பி அவசரத்தில் நேசனின் கணினியைத் திறந்து, கண்ணில் பட்ட மாதிரியில் பெயரை மட்டும் மாற்றி, நேசனின் போனிலிருந்தே எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். படம் ஏற்கனவே அங்கே இருந்தது. தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை. என்னுடைய பதிலை வதனிதான் வாசித்திருக்கிறார். ஊற்றிய தேத்தண்ணீர் கோப்பை நிரம்பி வழிந்து, மேசையால் ஓடி, காலில் சுட்டபோதுதான் கேத்திலை வைத்தேன்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ரொரன்ரோவில் இருக்கிற நேசனின் அண்ணனாலும் வரமுடியாது என்றபடியால் அன்று பின்னேரமே தகனம் என்று முடிவுசெய்துவிட்டார்கள். உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்கு நான் போனபோது வதனியும் தம்பியும் பக்கத்து வீட்டுக்காரர் சிலரும் மட்டும் இருந்தார்கள். வரிசை வரிசையாகப் போட்ட கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. முப்பது வருடமாகக் கொழும்பின் பாதிப் பேருக்குக் கலியாணமும் செத்தவீடும் வீடியோ எடுத்துக் கொடுத்த மனிதர் அங்கே படுத்திருந்தார், பார்க்க ஆளில்லை. "பாருங்கோ அக்கா, எல்லாரும் சிரிக்கிற பொம்மைப் படம் போட்டிருக்கினம்" என்று வதனி போனை நீட்டினார். "ஒருத்தரும் வராமத்தான் இவர் போகப்போறார்."

எனக்கு ஆத்திரம் வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். 'இது மாதிரி இல்லை, உண்மை' என்று குழுவில் எழுதினேன். 'அண்ணை அக்காவையும் விளையாட்டில சேர்த்துப்போட்டார்' என்று ஒருவர் பதில் எழுதினார். சரி, ஒவ்வொருவராகக் கூப்பிடுவோம் என்று வெளியே மரத்தடிக்குப் போனேன்.

முதலில் மாளிகாவத்தையில் பேக்கரி வைத்திருக்கிற ஹாஜியாரைக் கூப்பிட்டேன். அவருடைய பேக்கரிக்குப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பாண் ஒன்று ஆடுகிற கார்ட்டூன் கீறி, அந்தப் பாணுக்குக் குரலும் கொடுத்தவர் நேசன். நான் விசயத்தைச் சொன்னதும் ஹாஜியார் சிரித்தார். "தங்கச்சி, அந்தாள்ட வெளயாட்டு எனக்குத் தெரியாதா? இந்தமொற எத்தன நாள் லீவு வேணுமாம்?" அவர் அப்படிக் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நேசன் தன் ஒற்றைப் போனில் வரவேற்பாளராகவும் மனேஜராகவும் வேறு வேறு குரலில் கதைப்பவர். "தனியாள் எண்டு தெரிஞ்சா அதிகாலையிலயும் எடுப்பினம் அக்கா" என்பார். ஒருமுறை வேலை பிந்திவிட்டது என்று மனேஜரின் குரலில் ஹாஜியாரைக் கூப்பிட்டு, 'நேசன் சேர் வெளியூர் போட்டார்' என்று சொன்னார். சொன்னபோது அவர் நின்றது ஹாஜியாரின் பேக்கரி வாசலில், கையில் மீன் வைத்த மாலுபாணோடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹாஜியார் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அப்படிப்பட்ட ஒருவரை நான் எப்படி நம்பவைப்பது?

அடுத்தது மட்டக்குளியிலிருந்து வருகிற சுனில். நேசனின் இரண்டாவது கமராக்காரர். "அக்கே, பொரு கியன்ன எபா" என்றார், பொய் சொல்லாதீங்கோ என்று. "பொரு நெவெய் மல்லி" என்றேன். பொய்யில்லைத் தம்பி என்று எத்தனை தரம் சொன்னாலும், "நீங்க நடிக்கிற ஆள்தானே" என்றார் தமிழில். உண்மைதான். வானொலியில் நான் அழுத அழுகைகளைச் சேர்த்து வைத்தால் ஒரு கிணறு நிரம்பும். நாலு பிள்ளைகளை இழந்த தாயாக அழுதிருக்கிறேன். என் அழுகைக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

மரத்தடியில் நின்றபோது கடல் சத்தம் ஞாபகம் வந்தது. ஒரு நாடகத்துக்குக் கடல் தேவைப்பட்டது. நேசன் வீட்டிலிருந்து கல்லெறிகிற தூரத்தில் கடல். ஆனால் அவர் குசினியிலிருந்து சுளகை எடுத்து, அதில் பயறைப் போட்டு, மைக்குக்கு முன்னால் மெல்ல மெல்லச் சரித்தார். "உண்மையான கடலைப் பதிஞ்சா ஒருத்தரும் கடல் எண்டு நம்பமாட்டினம் அக்கா. ஏதோ லொறி போகுது எண்டு நினைப்பினம்" என்றார். அன்றைக்கு அது எனக்கு ஒரு தொழில் நுணுக்கமாகத்தான் பட்டது. மரத்தடியில் அது என்னைப் போட்டு உலுக்கியது.

குரலைக் கேட்டாலாவது நம்புவார்கள் என்று குழுவுக்குக் குரல்பதிவு ஒன்று அனுப்ப முயன்றேன். 'நேசன் போயிட்டார்' என்று சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. மூச்சுத்தான் வந்தது. அந்த நாளில் நான் முதலில் அழுதது அப்போதுதான். எப்படியோ விரல் பட்டு அந்த மூச்சு அப்படியே குழுவுக்குப் போய்விட்டது. உடனே ஒரு பதில் வந்தது: 'யானை நல்லாயிருக்கு அக்கா.'

அவர்களைக் குறை சொல்லமாட்டேன். யானை வரும் என்று காலையில் எழுதியது நான்தானே.

கடைசியில் எனக்குத் தோன்றியதெல்லாம் நேரமும் இடமும் எழுதிவிடுவோம், வருகிறவர்கள் வரட்டும் என்பதுதான். எனக்கு இந்த வடிவமைப்பு வேலை எதுவும் தெரியாது. போனில் குறிப்பு எழுதுகிற பக்கத்தைத் திறந்து, அவருடைய பெயரையும் மலர்ச்சாலை இருக்கிற இடத்தையும் தகன நேரத்தையும் தட்டினேன். கண்ணீர் எழுத்தை மறைத்தது. பெயர் ஒரு வரியில் அடங்காமல் 'குகநே' மேலேயும் 'சன்' கீழேயுமாக முறிந்து நின்றது. திருத்தத் தெரியவில்லை. அதை அப்படியே திரையிலிருந்து படம் பிடித்து அனுப்பினேன். மூலையில் பற்றரி குறைகிற சிவப்பு அடையாளம்கூட அதில் விழுந்திருந்தது. படமில்லை, கரையில்லை, விளக்கில்லை, பூவில்லை.

குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு ஹாஜியார் கூப்பிட்டார். அவருடைய குரல் முற்றாக மாறியிருந்தது. "தங்கச்சி, இது நேசன் செஞ்ச வேல இல்ல" என்றார். "அந்த மனுசன் உசிரோட ஈக்கும்வரைக்கும் இப்பிடி ஒண்ட வெளிய போக விடமாட்டார். மவுத்தாகிட்டாரா?" ஓம் என்றேன். "யா அல்லாஹ்" என்றார்.

பிறகு வந்தார்கள். நேசனின் வேலையைப் பற்றி எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் புகழ்ந்திருக்கிறார்கள். அவருடைய கைபடாத ஒரு கோணல் வேலையைப் பார்த்த மாத்திரத்தில் அவர் இல்லை என்று இவ்வளவு பேருக்கு விளங்கியதை விடப் பெரிய புகழ் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மாமனார் ஒருகாலத்தில் "மாப்பிள்ளைக்கு நிரந்தரமா ஒரு வேலை இல்லையே" என்று கவலைப்பட்டபோது, "மேசைக்கே நாலு கால் இருக்கு மாமா, எனக்கு ஏன் ஒண்டு?" என்று கேட்டவர் அவர். அந்த நாலு காலும் அன்று பின்னேரம் மலர்ச்சாலைக்கு வந்தன. பேக்கரிக்காரர்கள் வந்தார்கள், நாடகக்காரர்கள் ஒப்பனைப் பெட்டியோடு ஒத்திகையிலிருந்தே வந்தார்கள், கலியாண வீடியோவில் மாலை மாற்றிய பெண்கள் வளர்ந்த பிள்ளைகளோடு வந்தார்கள். ஒருவருக்கொருவர் அறிமுகமில்லை. "எங்கட நேசன்" என்று எல்லோரும் சொன்னார்கள். பாட்டுக்காரர் என்று நினைத்திருந்தவர்களுக்கு அவர் படம் கீறுவது புதினமாக இருந்தது.

ரொரன்ரோவில் இருக்கிற அந்த அண்ணனுக்கு நேரலையாகக் காட்ட யாரோ ஒரு கமராக்காரரைப் பிடித்திருந்தார்கள். அவர் வதனியின் முகத்துக்கு நேரே முக்காலியை விரித்தார். சுனில் போய் முக்காலியைத் தூக்கிக் கதிரைகளுக்குப் பின்னால் வைத்தார். "செத்த வீட்டில கமரா அழுறவைக்குப் பின்னால நிக்கவேணும்" என்பது நேசனின் சட்டம். சுனில் அதைச் சிங்களத்தில் மெதுவாக அந்த மனிதருக்கு விளங்கப்படுத்தியது எனக்குக் கேட்டது. முடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பெட்டியை மூட முன்னர் வதனி என் கையைப் பிடித்தார். "அக்கா, பாத்தனீங்களா? நீங்கள் சொன்ன மாதிரி ஊதாப் பூ ஒண்டும் வைக்கேல்லை. தம்பி வாங்கி வந்தவன். நான் எடுக்கச் சொல்லிப்போட்டன். நீங்கள் சொன்னா இவர் மாத்துறவர்தானே."

அப்போதுதான் பார்த்தேன். பெட்டி முழுக்க வெள்ளைப் பூ. நான் விளையாட்டுக்கு எழுதிய ஒரு வரியை அந்தப் பெண், விடிந்ததிலிருந்து, செய்து முடிக்கவேண்டிய காரியமாகச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நான் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டேன்.

நேசனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று கேட்டால், அவர் எடுத்த என் படங்கள் இருக்கின்றன, அவர் பதிந்த என் குரல்கள் இருக்கின்றன. அந்த யானைக்கு நான் இன்னும் அழவில்லை. வேறு யாரும் கேட்டால் முடியாது என்று சொல்லிவிடுவேன். ஆனால் நான் அழிக்காமல் வைத்திருப்பது என்னுடைய அந்தக் கோணல் அறிவித்தலைத்தான். நான் அனுப்புகிற எதற்கும், எழுதிக்கொடுக்கிற இரண்டு வரியானாலும், அவருடைய இலக்கத்திலிருந்து ஒரு திருத்தம் வராமல் இருந்ததில்லை. 'அக்கா, இந்த வரியை மேல ஏத்துங்கோ', 'அக்கா, கொஞ்சம் இடம் விடுங்கோ' என்று ஏதாவது வரும். அன்று பின்னேரம், பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே, நான் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். முறிந்த பெயரோடு அந்த அறிவித்தல் அப்படியே இருந்தது. ஒரு திருத்தமும் வரவில்லை. எல்லோரையும் நம்பவைத்த நான், அவர் இல்லை என்பதை அப்போதுதான் நம்பினேன்.