ஆம்பளையாளுக்கு எத்தனையோ அத்தனை

"இன்னைக்கு என்ன கொழம்புங்க்கா?" என்று கேட்டபடியே நர்மதா, எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்ணின், மோதிரம் இறுகி வீங்கிய விரலில் நூலைச் சுற்றுகிறாள். ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்துவிட்டு, மிச்ச நூலை நகத்தை நோக்கி நெருக்கி நெருக்கிச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். வீக்கம் அமுங்கும். அந்தப் பெண் புளி கரைத்ததில் தொடங்கித் தாளிப்புக்கு வருவதற்குள், உள்நுனியைப் பிடித்து நூலைப் பிரிக்க, மோதிரம் திருகாணிபோலச் சுழன்று மேஜையில் விழுந்துவிடும். மோதிரத்தை வெட்டுகிற கருவியும் தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறது. அதை நர்மதா கடைசியாகத்தான் எடுப்பாள். "தங்கத்த வெட்டறப்ப அவிய மூஞ்சியப் பாக்க முடியாதுங்க" என்பாள்.

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்குக் கேரளப் பக்கம், பொள்ளாச்சிச் சாலையைப் பார்த்தபடி இருக்கிறது அந்தத் தீயணைப்பு நிலையம். வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலானவர்கள் கொல்லம், கோட்டயம் பக்கத்து ஆண்கள். அரசு பெண்களையும் தீயணைப்பு வேலைக்கு எடுக்கத் தொடங்கியபோது இங்கே வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கோட்டயத்து லிஜி. இன்னொருத்தி, நாலு கல் தள்ளித் தென்னந்தோப்பு வைத்திருக்கும் காளிச்சாமியின் மகள் நர்மதா. கிழிந்த குழாய்கள் போட்டுவைத்திருந்த அறையை ஒழித்து அவர்களுக்குக் கொடுத்தார்கள். லிஜி அங்கே ஒரு கண்ணாடி மாட்டினாள். நர்மதா ஊறுகாய் ஜாடி வைத்தாள். முன்வாசலில் லுங்கி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆண்கள், யாரும் சொல்லாமலே கொடிக்கயிற்றைப் பின்பக்கம் மாற்றிக்கட்டிக்கொண்டார்கள். மறுவாரமே ஊறுகாய்க்கு மட்டும் முன்பக்கம் வந்துபோகத் தொடங்கினார்கள்.

எல்லை ஊர்களிலிருந்து வரும் போனில் பாதி தமிழில் வரும். அதுவும் பதறிக்கொண்டு பேசுகிறவரின் தமிழ். மணி அடித்து எதிர்முனையில் "ஏனுங்க" என்று கேட்டதுமே, எடுத்தவர் ரிசீவரை நர்மதாவிடம் நீட்டிவிடுவார். அவள் எந்த ஊர், எந்தத் தோப்பு என்று விசாரிப்பதற்குள் வண்டி கிளம்பி நிற்கும்.

விருந்தாளியாகப் போகும் வீட்டிலும் அவளால் சும்மா இருக்க முடியாது. நேரே அடுப்படிக்குப் போய் கேஸ் டியூபை விரலால் தடவிப் பார்ப்பாள். "சித்தி, இது வெடிச்சிருக்குது, மாத்துங்க" என்பாள். கல்யாண மண்டபத்தில் பந்தல்காரனோடு ஒயருக்காகச் சண்டை போட்டதிலிருந்து, சொந்தக்காரர்கள் அவளை முன்வரிசையில் உட்காரவைத்து, எழுந்திருக்க விடுவதில்லை.

சம்பளம் வந்த முதல் மாதம் அவள் அம்மா வள்ளியாத்தாள் கேட்ட கேள்வியை நர்மதா இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

"உன்றகோட வேல செய்யற ஆம்பளையாளுக்கு எத்தன?"

"எனக்கு எத்தனையோ அத்தனதானுங்மா."

"கொறைக்க மாட்டாங்களா?"

"எதுக்குக் கொறைக்கோணும்? ஒரே கயிறு, ஒரே குழாய்."

தோப்பில் கூலி கொடுப்பவள் வள்ளியாத்தாள்தான். ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைச்சல் என்பது அவள் கேள்வி கேட்காமல் நடத்திவந்த வழக்கம். அன்று மண்வெட்டியோடு களையெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டார்கள். சாயங்காலம் கூலி வாங்கும்போது ஒருத்தி, "ஏனுங்க, எங்க மம்முட்டியும் அதே மம்முட்டிதானுங்க" என்று மெதுவாக எடுத்துவிட்டாள். வள்ளியாத்தாள் இரண்டு நாள் மகளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பெண்கள் கூலியை ஏற்றிக் கொடுத்தாள். ஆண் கூலியை அது இன்னும் தொடவில்லை. அம்மாவும் மகளும் அதைப் பற்றி இன்றைக்கும் சோற்றுத்தட்டின் முன்னால் வழக்காடுகிறார்கள்.

போன மாசியில் ஒரு பகல். அடுத்த ஊரில் ராமாத்தாள் என்கிற அறுபது வயதுப் பெண், கிணற்றில் விழுந்த தென்னமட்டையைக் கொக்கியால் இழுக்கப்போய், கைப்பிடிச்சுவரின் பெயர்ந்த கல்லோடு உள்ளே விழுந்துவிட்டாள். வண்டி போய்ச் சேர்ந்தபோது ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. பாதி ஆழத்தில் ஒரு இரும்புப் படியில் அவளுடைய சேலை மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் வெகு கீழே, கழுத்தளவு தண்ணீரில், மோட்டார் பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ராமாத்தாள்.

நிலைய அதிகாரி சதீஷ் கொல்லத்துக்காரர். ஒரு வீரரின் இடுப்பில் கயிறு கட்டி முடித்துவிட்டார். அந்த ஆள் சுவரில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆம்பள ஆராச்சு எறங்குனீங்கன்னா பைப்ப உட்டுருவேன்."

"எந்தா பறயுன்னது?" என்று சதீஷ் திரும்பினார்.

நர்மதா மலையாளத்தில் சொன்னாள். சொல்லும்போதே சேலை தொங்கும் இடத்தைக் கண்ணால் காட்டினாள். நர்மதா பயிற்சியில் கிணற்றில் இறங்கியிருக்கிறாள். ஆனால் மேலே கொண்டுவந்ததெல்லாம் மணல் மூட்டை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கீழே பைப்பைப் பிடித்திருந்த கைகள் விறைத்துக்கொண்டு வந்தன.

"நான் போறேன் சார்" என்றாள். அவர் வீரரிடமிருந்து கயிற்றை அவிழ்த்து அவள் இடுப்பில் கட்டினார். முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு லிஜியைக் கூப்பிட்டு அவளையும் ஒருமுறை இழுத்துப் பார்க்கச் சொன்னார்.

பக்கத்து வீட்டில் வாங்கிய நைட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு நர்மதா இறங்கினாள். போகிற வழியில் படியில் தொங்கிய சேலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் உடம்பு ஒருமுறை உதறியது.

"ஆரு மக கண்ணு நீயி?" என்றாள் ராமாத்தாள். குளிரில் பல் அடித்துக்கொண்டது.

"தென்னந்தோப்புக் காளிச்சாமி மகளுங்க."

"கூலி ஏத்திக் குடுத்தாளே, வள்ளியாத்தா, அவ மகளா?"

"அவிய மகதானுங்க. தலைய நீட்டுங்க, இதப் போட்டு உடறேன்."

தலைவழியாக நைட்டியை மாட்டி, ஒரு கையை உள்ளே கொடுக்கவைத்தாள். மறு கை பைப்பை விட மறுத்தது. விரல்கள் விறைத்துப்போயிருந்தன. இழுத்தால் பயந்துவிடுவாள் என்று நர்மதாவுக்குத் தோன்றியது. அவளுக்கு வாயில் வந்தது வழக்கமான கேள்விதான்.

"ஊட்டுல இன்னைக்கு என்ன கொழம்புங்க?"

"கொள்ளுப்பருப்பு," என்ற ராமாத்தாள் சட்டென்று கண்ணை அகல விரித்தாள். "அய்யோ சாமி, அடுப்புல கெடக்குது. அமத்தச் சொல்லு கண்ணு, மொதல்ல அத அமத்தச் சொல்லு." மேலே பார்த்துக் கையை ஆட்டினாள். பைப்பை விட்டுவிட்ட கையை ஆட்டினாள். நர்மதா அதைப் பிடித்து நைட்டிக்குள் நுழைத்தாள்.

மேலே யாரோ வீட்டை நோக்கி ஓடினார்கள். அடுப்பை அணைத்தாயிற்று என்று செய்தி வந்த பிறகுதான் ராமாத்தாள் மேலேயிருந்து இறக்கிய வலைக்குள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தும் ஒரு நிபந்தனை போட்டாள். ஈரத் துணி உடம்போடு ஒட்டிக் கிடக்கிறது. ஆண்கள் எல்லோரும் அந்தப்பக்கம் திரும்ப வேண்டும்.

நர்மதா அதை மலையாளத்தில் மேலே சொன்னாள். எல்லோரையும் திரும்பச் சொல்லும் சதீஷின் குரல் கேட்டது. வீரர்களும் ஊர் ஆண்களும் கிணற்றுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கயிற்றைத் தோளில் போட்டுத் தேர் இழுப்பதுபோல வயலை நோக்கி நடந்தார்கள். முதல் தோள் சதீஷுடையது. லிஜி மட்டும் விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே பார்த்து, "வலி, வலி, நிர்த்து, வலி" என்று மலையாளத்தில் இழுக்கவும் நிறுத்தவும் குரல் கொடுத்தாள். வலை சுவரைத் தாண்டியதும் பெண்கள் வளைத்துக்கொண்டு ராமாத்தாளைப் போர்த்தினார்கள். அவள் முதலில் கேட்டது பருப்பு அடிப்பிடித்ததா என்று. அடிப்பிடித்திருந்தது.

அடுத்து நர்மதாவை இழுத்தார்கள். இந்த முறை ஆண்கள் முகம் பார்த்தே இழுத்தார்கள். அவள் முழங்கை சிராய்த்திருந்தது. சேலை இன்னும் தோளில் இருந்தது. அதைப் பிழிந்து ராமாத்தாளின் மருமகளிடம் கொடுத்தாள். சதீஷ் அருகில் வந்து, "காப்பி குடிக்காம்" என்று காப்பி குடிக்கக் கூப்பிட்டார்.

நர்மதா தலையாட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். இரண்டிலும் தண்ணீர் நிரம்பியிருந்தது. கொட்டப்போனவள் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். எழுந்து, காய்ந்த மண்ணில் வெறுங்காலோடு நடந்து, வாடிக் கிடந்த ஒரு தென்னங்கன்றின் அடியில் முதலில் ஒரு பூட்ஸை, பிறகு மற்றதை, மெதுவாகச் சாய்த்தாள்.