பெயரில்லாத பொத்தான்கள்

குடிநீர் வாரியத்தின் புகார்ப் பிரிவில் அவளை எல்லோரும் லைன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறவியிலேயே பார்வை கிடையாது. தொலைபேசியில் கத்துகிறவர்களைக் கத்தவிட்டுக் காத்திருப்பாள். அவர்கள் மூச்சு வாங்க நிறுத்தும்போது, சாவகாசமாக விவரம் கேட்டுப் பதிவு செய்துகொள்வாள். குழாய் உடைந்தால் வீட்டுக்காரரிடம் சண்டை போட்டுவிட்டுத்தான் இங்கே பேசுவார்கள், நம்மிடம் வருவது மிச்சக் கோபம்தான் என்பாள்.

அந்த வருடம் அவளுடைய கணவர் இறந்துபோனார். லேத் பட்டறையில் வேலை செய்தவர். சாயங்காலம் கை கழுவிவிட்டு வந்து, வீட்டுக்கு வந்த தபாலையெல்லாம் அவளுக்குப் படித்துச் சொல்வார். அவர் ஒரு பக்கம் படிப்பதற்குள் அவளுடைய போன் மூன்று பக்கம் படித்துவிடும். அது அவருக்கும் தெரியும். இருந்தாலும் படிப்பார், அவளும் கேட்டுக்கொண்டிருப்பாள். துக்கம் கேட்க வந்த நாத்தனார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இனிமே உங்களுக்கு யாரு அண்ணி எல்லாத்தையும் படிச்சுச் சொல்லுவா?"

"படிச்சுச் சொல்ல ஆள் வேணும்னு நான் உங்க அண்ணனைக் கட்டிக்கல."

நாத்தனார் அவள் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது அலுவலகம் மாறியிருந்தது. போனில் வரும் புகார்களையும் இனி இணையதளத்தில்தான் பதிய வேண்டும். பொதுமக்களுக்கும் அதே தளம், ஊழியர்களுக்கும் அதே தளம். திரையில் இருப்பதைக் காதில் சொல்லும் மென்பொருளோடு உட்கார்ந்தாள். தளத்தைக் கட்டியவர்கள் பொத்தான்களுக்குப் படம் வைத்திருந்தார்கள், பெயர் வைக்கவில்லை. "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்றே காதில் விழுந்தது. தையல் கடையில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருக்கிறது என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மனப்பாடம் செய்தாள். டேப் விசையை இத்தனை முறை தட்டினால் சேமிக்கும் பொத்தான் என்று விரலுக்குப் பழக்கினாள். கொஞ்ச நாளில் முன்பிருந்த வேகம் வந்துவிட்டது.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் நடுவில் புதிதாக ஒரு பொத்தானைச் சேர்த்துவிட்டார்கள். அவள் விரல் பழைய கணக்கிலேயே போய் நின்றது. அங்கே இப்போது சேமிப்பது இல்லை, 'தீர்ந்தது' என்று புகாரை மூடுவது இருந்தது. காலையிலிருந்து அவள் பதிந்த புகார்கள் பதிந்த கையோடு தீர்ந்துபோயின. பெரிய குழாய் ஒன்று உடைந்து தெருவெல்லாம் தண்ணீர் ஓடியது, வீடுகளில் சொட்டு இல்லை, பழுதுபார்க்க ஒருவரும் போகவில்லை. சாயங்காலம் காலி வாளிகளோடு ஜனங்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

மேலாளர் கெட்டவர் இல்லை. அதுதான் தொல்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். "உங்க மேல தப்பு சொல்லலம்மா. வீட்லயும் இப்படி ஆயிடுச்சு. நீங்க சும்மா வந்து உக்காருங்க போதும். சம்பளம் ஒழுங்கா வந்துரும்."

"சும்மா உக்கார்றதுக்கு எங்க வீட்லயே நாற்காலி இருக்கு சார். எனக்கு என் வேலை வேணும்."

தளத்தைக் கட்டிய மென்பொருள்காரரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவர் வந்தார். ஒருத்தருக்காகப் பூரா சைட்டையும் மாத்த முடியாது மேடம் என்றார்.

"ஒருத்தருக்கும் சொல்லாம பூரா சைட்டையும் மாத்த முடிஞ்சுதே."

அவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். அன்றே அவளுடைய ஹெட்செட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டார்கள்.

வாரியத்தில் ஒரு விதி உண்டு. புகார் செய்தவர் போனில் 'சரியாகிவிட்டது' என்று சொல்லாமல் எந்தப் புகாரையும் மூடக்கூடாது. மூடாத புகார் வாரத்துக்கு ஒரு மேசையாக மேலே ஏறும். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அவள் மறுநாள் தன் செல்போனை எடுத்துப் புகார் எண்ணுக்கு அடித்தாள். கையெட்டும் தூரத்தில் பக்கத்து இருக்கைக்காரி எடுத்தாள்.

"உங்க சைட்ல பொத்தானுக்கெல்லாம் பேர் இல்லைங்க. பதிஞ்சுக்கோங்க."

"அக்கா, பக்கத்துலதானே இருக்கீங்க. வாயால சொல்லக் கூடாதா?"

"வாயால சொன்னது என்ன ஆச்சுன்னு நேத்துப் பாத்தேல்ல."

பக்கத்து இருக்கைக்காரி சிரித்துக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். குடிநீர் இணைப்பு யார் பெயரில் என்று கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். லைன் அக்காவுக்குச் சொல்ல ஒரு நொடி பிடித்தது. கணவர் பெயரைச் சொன்னாள். குரல் மாறவில்லை.

புகார் முதலில் குழாய்ப் பிரிவுக்குப் போனது. ஸ்பானரோடு ஒருவர் வீட்டுக்கு வந்து, எந்தப் பொத்தான், மோட்டார் பொத்தானா என்று கேட்டார். டீ கொடுத்து அனுப்பினாள். சரியாகிவிட்டதா என்று கேட்டு அழைப்பு வந்தபோது இல்லை என்றாள். புகார் மேலே ஏறியது. பார்வையற்றோர் பள்ளியில் கூடப் படித்தவர்களுக்கெல்லாம் தகவல் சொன்னாள். அவர்கள் வீட்டிலும் குழாய் இருந்தது, அவர்களாலும் இந்தத் தளத்தில் ஒரு புகார்கூடப் பதிய முடியவில்லை. போனிலேயே ஆளுக்கொரு புகார் செய்தார்கள். மேசை மேசையாக ஏறியவை கடைசியில் தலைமைப் பொறியாளர் முன்னால் குவிந்தன. "ஒருத்தருக்காக" என்ற பேச்சு அதோடு நின்றது.

பொத்தான்களுக்குப் பெயர் வந்தது. ஹெட்செட்டும் திரும்பி வந்தது. ஆனால் குழாய் உடைந்த இடத்தைக் குறிக்க இன்னமும் வரைபடத்தில்தான் தொட வேண்டியிருந்தது. அதை மட்டும் பக்கத்து இருக்கைக்காரியைத் தொடச் சொல்லிக்கொள்ளலாமே, எவ்வளவோ செய்துவிட்டார்களே என்று மேலாளர் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தார்.

மத்தியானம் அவளுடைய செல்போன் அடித்தது. பக்கத்து இருக்கைக்காரிதான்.

"அக்கா, உங்க புகாரை மூடிடவா? சார் என் பின்னாடியே நிக்கறாரு."

"நிக்கறவருக்கு ஒரு நாற்காலி போடு. தெருப் பேரை டைப் பண்ண அந்த மேப்புக்குப் பக்கத்துல ஒரு கட்டம் வைக்கச் சொல்லு. அது வர்ற வரைக்கும் தீரலன்னு எழுது."

"அப்படியே எழுதட்டுமா?"

"அப்படியே எழுது."

பக்கத்தில் விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. மேலாளர் தொண்டையைச் செருமினார். செல்போனை மேசையில் வைத்துவிட்டு அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். அழைப்பில் ஏற்கனவே ஒருவர் கத்திக்கொண்டிருந்தார்.